மாதிரிக் குடும்பம்

தூத்துக்குடியில் வேர்க்காமல் இருக்க ஆசைப்படாத மனிதர் கிடையாது. அந்த ஆசை நிறைவேறிய ஒரே ஆள் தங்கத்தாயின் புருஷன் சொரிமுத்துதான். துறைமுகத்தில், கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை அவனுக்கு. ஒருநாள் மேல் அடுக்கிலிருந்து வழுக்கி விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கிவிட்டது. உயிர் தங்கியது, கைகால்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தங்கத்தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இனிமே இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்வை வராதும்மா. நமக்கு வேர்த்தாத்தான் உடம்பு தணியும். இவருக்கு அந்த வழி அடைச்சுப் போச்சு. ரூம் சூடானா உடம்பும் கூடவே சூடாகும். ஏசி இல்லாம வச்சீங்கன்னா இந்தக் கோடை தாங்க மாட்டாரு."

வீடு மில்லர்புரத்தில், தென்கடல் தொழிலாளர் குடியிருப்பு வாரியம் கட்டிய அடுக்குமாடியின் உச்சியில் இருந்தது. தலைக்கு மேல் மொட்டைமாடி. மேற்கே மறைப்பில்லாத சுவர். மத்தியானம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தவர் யாரும் இரண்டாம் தடவை சாய்ந்ததில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி ராஜபாண்டியிடம் தங்கத்தாய் போனில் அழுதாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு ஏசியை வாங்கி வீட்டுக்கே அனுப்பிவைத்தான். மெக்கானிக் வந்து, சுவரில் துளை போட டிரில்லை வைத்ததும் கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"வாரியத்துச் சுவருல ஓட்டை போடக் கூடாதும்மா. மையத்துல சிஸ்டம் தேர்வு பண்ணிக் குடுத்தாத்தான் போடணும்."

"ஏசிதான் வந்துட்டே அண்ணாச்சி, இனி எதைத் தேர்வு பண்ண?"

"அது எனக்குத் தெரியாது. சரியானதைத் தேர்வு பண்ணணுமாம்."

இல்லத் தட்பவெப்பத் தேர்வு மையம் என்ற அந்த நிறுவனம் பிறந்த கதை எளிமையானது. மக்கள் தவறான குளிர்சாதனத்தைத் தேர்ந்தெடுத்துத் துன்பப்படுகிறார்கள் என்று வாரியம் கண்டுபிடித்தது. அப்போது வாரிய வீடுகளில் குளிர்சாதனமே கிடையாது. ஆகவே துன்பம் தொடங்கும் முன்பே அதைத் தடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பனி பெய்யும் நாடு ஒன்றுக்கு அதிகாரிகள் போய்வந்தார்கள். அங்கே கொடுத்த கையேட்டை அப்படியே தமிழாக்கினார்கள். பாளையங்கோட்டை ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அதன் வாசலில், பொதுமக்கள் காத்திருக்க ஒரு தகரக் கொட்டகையும் போட்டார்கள்.

தகரக் கொட்டகையில் காய்ந்து, தன் முறை வந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் தங்கத்தாய்க்குப் பல் கிட்டித்தது. ஊழியர்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். தேர்வு ஆலோசகர் சரண்யாதேவி சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்கு என்ன மாதிரி ஹீட்டிங் வேணும்?" என்றாள்.

"ஹீட்டிங் வேண்டாம் மேடம். அது எங்களுக்குச் சும்மாவே கிடைக்குது. ஏசி மாட்டணும். வீட்டுக்காரருக்கு..."

"அவசரப்படாதீங்கம்மா. சிஸ்டம்னா சூடு, குளிர் ரெண்டும் சேர்ந்தது. சூட்டுக்கு வழி சொல்லாம குளிருக்குப் போக முடியாது. குளிர்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"எங்களுக்குக் குளிர்காலம் கிடையாது மேடம்."

"அது எப்படி இல்லாம இருக்கும்?"

தங்கத்தாய் தவறு தன்மேல்தானோ என்று யோசித்தாள். "மார்கழியில விடியக்காலம் ஒரு போர்வை எடுத்துப் போத்துவோம்" என்றாள் தயக்கத்தோடு.

சரண்யாதேவியின் முகம் மலர்ந்தது. 'தற்போதைய வெப்பமூட்டும் முறை: போர்வை. போதாது' என்று கம்ப்யூட்டரில் அடித்தாள். பிறகு, குளிர்காலத் தயார்நிலைப் பயிற்சிக்கு வந்துவிட்டுப் போனால்தான் வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினாள்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. உப்பளத்துப் பக்கமிருந்து வீசிய காற்று அடுப்பங்கரைப் புகைபோல முகத்தில் அறைந்தது. தங்கத்தாய் பயிற்சிக்குப் போன நேரம், கீழ்வீட்டு ரோஸ் வந்து சொரிமுத்துவைப் பார்த்துக்கொண்டாள். ரோஸின் புருஷன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தினமும் உடைசல் ஐஸ் கொண்டுவந்து போடுவான். அண்டாவில் ஐஸைக் கொட்டி அதற்கு எதிரே பெடஸ்டல் ஃபேனை வைத்து, ஈரத்துண்டால் சொரிமுத்துவின் உடம்பை ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். இந்த ஏற்பாட்டில்தான் அவன் உயிரோடு இருந்தான்.

பயிற்சியை நடத்தியவர் மையத்தின் உதவி இயக்குநர் ஞானையா. கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். விளக்கை அணைத்து ஒரு படம் போட்டார். அதில் வெள்ளைக்கார மனிதர் ஒருவர் வீட்டுக் கூரையில் ஏறி, முழங்கால் அளவு பனியை மண்வெட்டியால் தள்ளினார். கூரைச் சரிவு, பனியின் எடை, சிம்னி அடைப்பு என்று ஞானையா ஒவ்வொன்றாக விளக்கினார்.

பக்கத்திலிருந்த காயல்பட்டினத்துப் பெரியவர் அஹமது கபீர் கையைத் தூக்கினார். "வாப்பா, இந்தப் பனி நம்ம பக்கம் எப்ப வருது?"

"கேள்வி கடைசியில் கேட்கலாம்" என்றார் ஞானையா. கடைசியில் நேரம் இல்லாமல் போயிற்று. முடிவுரைக்கு மட்டும் நேரம் இருந்தது.

"நண்பர்களே! மக்கள் கேட்பதைக் கொடுப்பதற்குக் கடை இருக்கிறது. மக்கள் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்காக நாங்கள் இருக்கிறோம். தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை இந்த மையத்தின் மூலம் ஒருவர்கூடத் தவறான சாதனத்தைப் பொருத்தவில்லை. ஏன்? ஒருவருமே பொருத்தவில்லை! தவறுக்கே இடம் கொடுக்காத நிறுவனம் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு."

ஊழியர்கள் கைதட்டினார்கள். குளிருக்குக் கை தட்டுவது இதமாக இருந்ததால் தங்கத்தாயும் தட்டினாள்.

பிறகு அனைவரையும் மாதிரி இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். கட்டடத்தின் நடுவே, இரட்டைக் கண்ணாடிச் சுவருக்குள், ஒரு வரவேற்பறையும் படுக்கையறையும் ஜோடித்து வைத்திருந்தார்கள். மெத்தை போட்ட கட்டில், சத்தமே இல்லாத ஏசி, போலி நெருப்பு எரியும் கணப்பு, ஜன்னலில் தீட்டிய பனிமலை. சோபாவில் அட்டையில் வெட்டிய மாதிரிக் குடும்பம் ஒன்று இருந்தது: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நால்வரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏசி நாள் முழுக்க ஓடுமா சார்?" என்று தங்கத்தாய் கேட்டாள்.

"ஓடாமல் எப்படி? ஈரம் பட்டால் அட்டை வளைந்துவிடும்" என்றார் ஞானையா.

வீட்டுக்கு வந்து அவள் எல்லாவற்றையும் சொன்னபோது சொரிமுத்து சிரித்தான். சத்தமாகச் சிரிக்க நெஞ்சில் தெம்பில்லை, கண்ணால் சிரித்தான்.

"நல்லாக் கேட்டுக்கிட்டியாளா? பனி விழுந்தா முதல்ல என்னைத் தூக்கி மொட்டமாடியில போட்டுரு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சிரிப்பு வருது உங்களுக்கு" என்று ஈரத்துண்டைப் பிழிந்தாள்.

மதிப்பீட்டாளர் ஜாக்சன் வந்தது ஒரு காலை நேரத்தில். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். கருவியைச் சொரிமுத்துவின் கட்டிலருகே பிடித்தார். ஐஸ் அண்டாவிலிருந்து ஃபேன் காற்று ஜிலுஜிலுவென்று அவர் முகத்தில் பட்டது.

"நல்லா இருக்கே! உங்க வீடு ஏற்கெனவே குளிர்ச்சியாத்தான் இருக்கு. இதுக்கு எதுக்கும்மா ஏசி?"

"அது ஐஸ் சார்! ரெண்டு பொம்பளைங்க மாறி மாறி நின்னு வச்சுருக்கோம். ஐஸ் ஒருநாள் வராட்டா ஆள் போயிருவாரு."

ஜாக்சன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "புரியுது. ஆனா கருவிக்கு அது தெரியாதே. இயல்பு நிலையில அளக்கணும்னா ஐஸ், ஃபேன், ஈரத்துணி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மத்தியானம் முழுக்க அப்படி விட்டு அளந்தாத்தான் மேல எழுத முடியும்."

"முடியாது சார்" என்றாள் தங்கத்தாய்.

"அப்ப 'ஏற்கெனவே குளிர்ச்சி'ன்னுதான் எழுதணும். ஃபைல் முடிஞ்சிரும்."

கட்டிலிலிருந்து சொரிமுத்து பேசினான். "எடுத்துருளா. ஒரு மத்தியானந்தான? இன்னும் எத்தனை வருசத்துக்கு ரோஸு புருஷன் ஐஸு சுமப்பான்? அளக்கட்டும்."

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். அதைத்தான் இவரும் எழுதணும்."

அவள் ஈரத்துண்டால் அவன் நெற்றியை ஒருதரம் ஒற்றினாள். பிறகு அண்டாவைத் தூக்கி வெளியே வைத்தாள். அதைத் தூக்கிய கையை, பிறகு வெகுநாள்வரை, தன்னுடைய கை என்று நினைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

உச்சி சாய்ந்ததும் மேற்குச் சுவர் சூட்டைக் கக்கத் தொடங்கியது. சொரிமுத்துவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வறண்டது. கழுத்துக்குக் கீழே ஒரு பொட்டு வேர்வை இல்லை. உதடு ஒட்டிக்கொண்டது. ரோஸ் ஈரத்துண்டோடு ஓடிவந்தாள். ஜாக்சன் குறுக்கே கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் ரீடிங் நல்லா வருது."

"மாதாவே! ஆளு கண்ணு சொருகுது, நீரு ரீடிங்கு பாக்கீரோ?" ரோஸ் அவர் கையைத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

சொரிமுத்து யாருடனோ பேசினான். கம்பியை இறுக்கு, கப்பல் புறப்படப் போகுது என்றான். பிறகு பேச்சு நின்றது. தங்கத்தாய் ஈரத்துண்டைப் போட்டு, தண்ணீரைக் கொட்டி, பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு மாடிப்படி இறங்கும்போது ஜாக்சன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். "கவலைப்படாதீங்கம்மா, இந்த ரீடிங்குக்குக் கட்டாயம் நடவடிக்கை உண்டு" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சொரிமுத்து பிழைத்தான். பிழைத்தான் என்றால், கண் திறந்து அவளைப் பார்த்து, "எழுதிட்டானா?" என்று கேட்டான். முன்பு தெளிவாக இருந்த பேச்சு இப்போது குழறியது. "இனி ஒருதரம் இப்படி ஆச்சுன்னா இங்க கொண்டுவர வேண்டியிருக்காதும்மா" என்று டாக்டர் சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலையில், ரோஸைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுத் தங்கத்தாய் மையத்துக்குப் போனாள். ஞானையா எழுந்து நின்று வரவேற்றார்.

"வாழ்த்துகள்மா! அருமையான முடிவு வந்திருக்கு. முதல்ல ஹீட்டிங். உங்க வீட்டுக்கு ஹீட்டிங் தேவையில்லைன்னு விலக்கு குடுத்திருக்கோம். இந்த விலக்கு வாங்குற முதல் குடும்பம் நீங்கதான். ஏன்னா உங்க வீட்டுக்குள்ளயே இயற்கையான வெப்ப மூலம் ஒண்ணு இருக்கறதா ஜாக்சன் கண்டுபிடிச்சிருக்காரு. அளவு எடுத்தப்போ அறையைவிட அது அதிகச் சூடு."

"வெப்ப மூலம்னா என்ன சார்?"

"உங்க வீட்டுக்காரர்."

ஞானையா உற்சாகமாகத் தொடர்ந்தார்.

"அடுத்தது கூலிங். இங்கதான் எங்க நிபுணர்களோட திறமையைப் பாக்கணும். ஏசி போட்டா கரண்டு, சுவருக்குச் சேதம், பராமரிப்பு. இது எதுவுமே இல்லாம உங்க வீட்டைக் குளிரவைக்க வழி இருக்கு. வெப்ப மூலத்தை வீட்டிலிருந்து அகற்றிட்டா போதும். வீடு தானாகவே குளிர்ந்திடும். இதுதான் உங்களுக்கான சரியான தேர்வு."

"அகத்தணுமா சார்?"

"அகற்றணும்."

"அகத்தி எங்கன வைக்க?"

"அது எங்க வரம்புக்குள்ள வராதும்மா" என்றார் ஞானையா கனிவாக.

தங்கத்தாய் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவள் வாழ்க்கையில் அதிகாரிகள் சொன்னது எதையும் மீறியவள் இல்லை. அன்றும் மீறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சொரிமுத்துவை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் டிரைவர், "மில்லர்புரந்தான?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி. பாளையங்கோட்டை ரோட்டுக்கு விடுங்க" என்றாள்.

ரோஸ் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். தங்கத்தாயும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நேராக மாதிரி இல்லத்துக்குள் போனார்கள். மெத்தைக் கட்டிலில் சொரிமுத்துவைக் கிடத்தி, தலையணையைச் சரிசெய்தார்கள். சோபாவில் சிரித்துக்கொண்டிருந்த அட்டைக் கணவனைத் தங்கத்தாய் எடுத்துச் சுவரோரம் முகம் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சொரிமுத்துவின் மூச்சு சீரானது. விபத்துக்குப் பிறகு அவன் முனகாமல் தூங்கியதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஞானையா மஃப்ளர் அவிழ ஓடிவந்தார். "என்னம்மா இது அக்கிரமம்! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"நீங்கதான சார் அகத்தச் சொன்னீங்க. அகத்திட்டேன். வேற எங்கன வைக்கன்னு சொல்லுங்க, அங்கன கொண்டு போறேன்."

அவர் போனை எடுத்தபோது வாசலில் கார்கள் வந்து நின்றன. தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குழு வரவேண்டிய நாள் அது. இந்தக் களேபரத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. குழுத் தலைவர் கண்ணாடிக்கு வெளியே நின்று உற்றுப் பார்த்தார். அட்டை மனைவி, அட்டைப் பிள்ளைகள், கட்டிலில் அமைதியாகத் தூங்கும் ஒரு மனிதன்.

"மூச்சு விடுகிறாரே!" என்றார் வியப்போடு.

வெளியே ஓடி வந்திருந்த ஞானையா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். "ஆமாம் சார். நேரடிப் பயனாளி. அட்டையை மட்டும் பார்த்து மக்கள் நம்புவதில்லை என்பதால், உண்மையான நோயாளியையே வைத்திருக்கிறோம். வெப்பத்தால் செத்துப்போகும் நிலையில் இருந்தவர். மையத்தின் தலையீட்டால்தான் அந்த நிலைக்கு வந்தார். அதே மையத்தின் தலையீட்டால் இப்போது நலமாக இருக்கிறார். முழுச் செயல்பாடும் ஒரே கூரையின் கீழ்!"

தலைவர் நெகிழ்ந்துபோய் ஞானையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபோட்டோ எடுத்தார்கள். கட்டிலருகே நின்ற தங்கத்தாயைச் சரண்யாதேவி சைகையால் வெளியே வரச் சொன்னாள்.

"நீங்க அங்க நிக்கக் கூடாதும்மா. மாதிரிக் குடும்பத்துல மனைவி ஏற்கெனவே இருக்காங்க."

சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகம் முடிந்தது. ஊழியர்கள் ஸ்வெட்டர்களைக் கழற்றி நாற்காலிகளில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மாதிரி இல்லத்து ஏசியை அணைக்கப் பியூன் வந்தார். தங்கத்தாய் ஞானையாவிடம் ஓடினாள்.

"ராத்திரிக்கு என்ன செய்ய சார்?"

"மாதிரி இல்லத்துக்கு ராத்திரி கிடையாதும்மா. பத்திலிருந்து ஐந்தரைதான்."

"அட்டை வளைஞ்சிரும்னீங்களே?"

"அட்டையை ராத்திரி பிளாஸ்டிக் உறையில போட்டு வைப்போம்."

தங்கத்தாய் திரும்பி உள்ளே போனாள். அட்டை மனைவியைத் தூக்கிக் கீழே போட்டாள். நாற்காலி ஒன்றை இழுத்து, சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பியூன் கெஞ்சினார். ஞானையா மிரட்டினார். பிறகு சட்டம் பேசினார். பிறகு வீட்டில் விருந்தாளி காத்திருப்பதாகச் சொன்னார். "கூப்பிடுங்க சார், போலீஸக் கூப்பிடுங்க. ஃபோட்டோ எடுத்துட்டுப் போனவங்களையும் கூப்பிடுங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. கட்டிலில் கிடந்த சொரிமுத்து கழுத்தைத் திருப்ப முடியாமல், கூரையைப் பார்த்தபடி, குழறலாக, "உக்காருளா, உக்காரு" என்று மட்டும் சொன்னான்.

ஃபோட்டோ தலைமையகத்து இதழின் அட்டையில் வந்துவிட்டதால் அவர்களை வெளியேற்ற முடியவில்லை. வாரியம் கூடி விஷயத்தை முறைப்படுத்தியது. சொரிமுத்து நிரந்தரக் காட்சிப் பயனாளி ஆனான். தங்கத்தாய் அங்கேயே சம்பளமில்லாத பராமரிப்பாளர் ஆனாள். பார்வை நேரத்தில் கண்ணாடியைத் தாண்டாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மில்லர்புரம் வீட்டில் பயனாளி வசிக்காததால் ஒதுக்கீடு ரத்தானது. அந்த வீடு வேறொரு தொழிலாளிக்குப் போயிற்று. ரோஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்பு கொண்டுவந்தாள். வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், உள்ளே வாசனை கூடாது.

சொரிமுத்து சாகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். நிஜ ஆளா பொம்மையா என்று பந்தயம் கட்டினார்கள். அவன் கண்ணைச் சிமிட்டினால் ஓவென்று கத்தினார்கள். முதலில் அவர்களுக்காகச் சிமிட்டினான். பிறகு சிமிட்டுவதையும் விட்டுவிட்டான். கண்ணால் சிரிக்கிற சிரிப்பும் அதோடு போயிற்று. "குளிருதாங்க?" என்று தங்கத்தாய் கேட்டால், "நல்லா இருக்கு" என்பான். வேறெதுவும் பேசமாட்டான்.

அடுத்த கோடையில் ஒருநாள், சாத்தான்குளத்திலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பெயர் செல்வலட்சுமி என்று சட்டையில் குத்திய பார்வையாளர் அட்டை சொன்னது. தோளில் வதங்கிய கீரைத்தண்டாய் ஒரு பெண்பிள்ளை துவண்டு கிடந்தது. செல்வலட்சுமி மெத்தையைப் பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள், சிரித்த முகமாக நின்ற தங்கத்தாயைப் பார்த்தாள். அவள் கண்ணில் பொறாமை இருந்தது.

கண்ணாடியைத் தட்டி, வாயசைவும் சைகையுமாகக் கேட்டாள்: அக்கா, எங்களுக்கும் இப்படிக் கிடைக்க என்ன செய்யணும்?

தங்கத்தாய் கண்ணாடியருகே போனாள். சிரித்த முகத்தை மாற்றினாள். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிருளா. இங்க நிக்காத. இவனுவ அளந்து பாக்கதுக்கு உம்பிள்ளைய வெயில்ல சாகப் போடச் சொல்லுவானுவ. நானும் போட்டேன். ஓடிரு" என்றாள். அடித் தொண்டையிலிருந்து கத்தித்தான் சொன்னாள்.

இரட்டைக் கண்ணாடி அது. வெயிலும் உள்ளே வராது, சத்தமும் வெளியே போகாது. செல்வலட்சுமி அவள் உதடு அசைவதைக் கவனமாகப் பார்த்தாள். ஏதோ நல்ல யோசனை சொல்கிறாள் என்று எண்ணி நன்றியோடு தலையை ஆட்டினாள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தகரக் கொட்டகையில் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.